கோராகின் பிள்ளைகள்

எங்கள் ஊர்ச் சபையில் யாராவது "கோராகின் கூட்டம்" என்று சொன்னால் அது எங்கள் வீட்டைப் பற்றிய பேச்சு. நான் பிறப்பதற்குப் பல வருஷம் முன்னால், சபைக் கமிட்டித் தேர்தலில் தாத்தா ஒரு சண்டையை ஆரம்பித்துவைத்தார். கணக்குக் கேட்டார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். பதவிக்கு ஆசைப்பட்டார் என்று மற்ற வீடுகளில் சொல்வார்கள். இரண்டுமே உண்மையாக இருந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். சபை இரண்டாக உடைந்தது. ஒரே தெருவில் குடியிருந்த சொந்தபந்தங்கள் இருபது வருஷம் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மற்றவர் போகாமல் இருந்தார்கள். அந்த நாட்களில் ஒரு ஞாயிறு, மோசேக்கு எதிராக எழும்பிய கோராகின் கூட்டத்தைப் பூமி விழுங்கிய எண்ணாகமம் 16ஆம் அதிகாரத்தை வாசித்துப் பிரசங்கம் நடந்திருக்கிறது. பெயர் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. அன்றிலிருந்து அந்தப் பட்டம் எங்களோடு ஒட்டிக்கொண்டது.

ஞாயிறு பள்ளியில் அந்தக் கதை வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. டீச்சர் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். பூமி இரண்டாகப் பிளந்திருக்கிறது. கூடாரங்கள் சாய்ந்து உள்ளே விழுகின்றன. ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்தபடியே கீழே போகிறாள். பின்வரிசையில் யாரோ என் முதுகைக் குத்தினார்கள். வீட்டுக்கு வந்து யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதைப் பற்றிக் கேட்கக்கூடாது என்பது எனக்கு அதற்குள்ளேயே தெரிந்திருந்தது.

சில மாதம் கழித்து, ராத்திரி குடும்ப ஜெபத்தில் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. சங்கீதம் 84. பெரியவர்கள் வாசிக்கும்போது அதிகாரத்தின் தலையில் சின்ன எழுத்தில் இருப்பதைத் தாண்டிவிட்டு நேரே முதல் வசனத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. எழுத்துக்கூட்டி அதையும் வாசித்தேன். "கோராகின் புத்திரர்" என்று வந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

"அப்பா, அவங்க வீட்டுல எல்லாருமே செத்துப்போயிட்டாங்கல்ல?"

அப்பா என் மடியிலிருந்த வேதாகமத்தை வாங்கி, பின்பக்கமாகப் புரட்டி, எண்ணாகமம் 26ஐ எடுத்தார். விரலை ஒரு வரியில் வைத்துக் காட்டினார். பதினோராம் வசனம். "கோராகின் குமாரரோ சாகவில்லை." அவ்வளவுதான். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. புத்தகத்தைத் திருப்பித் தந்து, "வாசி" என்றார்.

அந்த ஒற்றை வரியோடு முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்துவிட்டேன். சங்கீதங்கள் பழைய நியாயத்தீர்ப்புகளை எப்படி நினைவுகூருகின்றன என்று எத்தனையோ விளக்கவுரைகளைப் படித்திருக்கிறேன். எங்கே சுற்றினாலும் இந்த வரிக்குத்தான் திரும்பி வருகிறேன். ஒரு தண்டனையை யார் நினைவுகூருகிறார் என்பதைப் பொறுத்து, அதே சம்பவம் வேறொன்றாக மாறிவிடுகிறது.

முதலில் கதையைச் சரியாகப் பார்த்துவிடுவோம். மோசேயின் தகப்பன் அம்ராம். அம்ராமின் தம்பி இத்சேயார். இத்சேயாரின் மகன் கோராகு. அதாவது மோசேக்கும் ஆரோனுக்கும் சித்தப்பா மகன். இதை எங்கள் சபையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வெளியாள் யாரோ வந்து குழப்பம் செய்ததுபோலத்தான் கதை சொல்லப்படும். உண்மையில் இது பங்காளிச் சண்டை. இவர்களுடைய பாட்டன் கோகாத்தின் வம்சத்தாருக்கு ஏற்கெனவே பெரிய வேலைதான்: பரிசுத்த ஸ்தலத்தின் பணிமுட்டுகளைத் தோளில் சுமப்பது. ஆனால் தொடக்கூடாது, திறந்து பார்க்கக்கூடாது. உள்ளே போகிற உரிமை ஆரோன் வீட்டுக்கு மட்டும். "சபையார் எல்லாரும் பரிசுத்தமானவர்கள்" என்று கோராகு சொன்னது தப்பான வாக்கியமே அல்ல. "இது உங்களுக்கு அற்பகாரியமோ" என்று மோசே திருப்பிக் கேட்பதும் அதே இடத்தில்தான் குத்துகிறது. கிடைத்த இடம் போதவில்லையா என்பதுதான் கேள்வி.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். ரூபன் கோத்திரத்துத் தாத்தானும் அபிராமும் சேர்ந்துகொள்கிறார்கள். தூபகலசத்தோடு வந்த 250 பேரை அக்கினி பட்சிக்கிறது. பூமி தன் வாயைத் திறக்கிறது. மறுநாள் ஜனங்கள் முறுமுறுக்க, வாதை வந்து 14,700 பேர் சாகிறார்கள். செத்தவர்களின் தூபகலசங்களைத் தட்டையான தகடுகளாக அடித்துப் பலிபீடத்துக்கு மூடுதகடாகப் பொதிகிறார்கள், பின்னால் வருகிறவர்களுக்கு ஞாபகக்குறியாக. இதை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆராதனை நடக்கிற இடத்தின் நடுவிலேயே, பலிபீடத்தின் மேலேயே, அந்தத் தண்டனையின் நினைவு வெண்கலமாகப் பதிந்து கிடக்கிறது.

அப்புறம் பத்து அதிகாரம் தள்ளி, ஜனத்தொகை கணக்கெடுக்கும் இடத்தில், பெயர்ப்பட்டியலின் நடுவே, அந்த வரி. எபிரெயத்தில் நாலே சொல்: "ஊவ்நே கோரஹ் லோ மேத்து." ஏன் சாகவில்லை என்று இல்லை. மனந்திரும்பினார்களா, அன்று அந்த இடத்தில் இல்லையா, ஒன்றும் இல்லை. யூத ஞானிகள் இந்த மௌனத்தைச் சும்மா விடவில்லை. பாதாளத்தில் அவர்களுக்கென்று ஓர் இடம் உயர்த்தி வைக்கப்பட்டது, அதில் உட்கார்ந்து அவர்கள் பாட்டுப் பாடினார்கள் என்று அந்த ஞானிகளின் போதனைத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. முதன்முதல் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. தரைக்குக் கீழே, பாதி வழியில் நின்றுபோன ஒரு திட்டு. மேலேயும் இல்லை, முழுக்க உள்ளேயும் இல்லை. அங்கிருந்து பாட்டு வருகிறது.

சங்கீத புத்தகத்தில் பதினொரு தலைப்புகளில் இந்தப் பெயர் வருகிறது: 42, 44 முதல் 49 வரை, 84, 85, 87, 88. தலைப்பில்லாத 43ஆம் சங்கீதம் 42இன் தொடர்ச்சி என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள், அதையும் சேர்த்தால் பன்னிரண்டு. பெயர் காகிதத்தில் மட்டும் வாழ்ந்த பெயரும் அல்ல. யூதாவின் தெற்கே தெல் ஆராத் கோட்டையில் 1960களில் தோண்டியபோது கிடைத்த ஒரு கிண்ணத்தில், கி.மு. 8ஆம் நூற்றாண்டு எழுத்தில், "கோராகின் புத்திரர்" என்று படிக்கப்படும் சொற்கள் இருக்கின்றன. பெயரும் எண்ணிக்கையுமாக ஒரு சாதாரணப் பட்டியல். யாருக்கோ எதையோ கொடுத்ததன் அல்லது வாங்கியதன் கணக்கு. அந்தக் குடும்பம் அந்தப் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு இது பெரிய விஷயம். ஊரை விட்டுப்போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு வாழ்கிற வழி எல்லாக் காலத்திலும் உண்டு. இவர்கள் கோராகின் பிள்ளைகளாகவே இருந்து, கோராகின் பிள்ளைகளாகவே பாடினார்கள்.

இப்போது 106ஆம் சங்கீதத்துக்கு வாருங்கள். வனாந்தரத்தில் முன்னோர் செய்த பாவங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லும் நீண்ட பாட்டு அது. கன்றுக்குட்டி, பாகால்பேயோர், மேரிபாவின் தண்ணீர் எல்லாம் வரிசையாக வரும். 16 முதல் 18 வரையான வசனங்கள் நம் கதை. மோசேமேலும் ஆரோன்மேலும் பொறாமை கொண்டார்கள். "பூமி பிளந்து தாத்தானை விழுங்கி, அபிராமின் கூட்டத்தை மூடிப்போட்டது." பிறகு அக்கினி. எண்ணாகமத்தில் பூமி திறக்கிறது, விழுங்குகிறது, மூடிக்கொள்கிறது. சங்கீதமும் அதே மூன்று வினைகளை அதே வரிசையில் எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு நெருக்கமாகப் பின்தொடர்கிற பாடகன் ஒரு பெயரை மட்டும் விட்டுவிட்டான். கோராகு இல்லை.

அறிஞர்கள் இதற்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். எண்ணாகமம் 16இல் இரண்டு கதைகள் பின்னிக் கிடக்கின்றன, தாத்தான்-அபிராம் கதை ஒன்று, கோராகு கதை மற்றொன்று. உபாகமம் 11:6 கூடத் தாத்தானையும் அபிராமையும் மட்டும்தான் சொல்கிறது, எனவே சங்கீதக்காரன் அறிந்தது பழைய கதைதான் என்கிறார்கள். நியாயமான வாதம். ஆனால் ஆரோன்மேல் பொறாமை என்பதும், கூட்டத்தில் பற்றிய அக்கினியும் கோராகு கதையின் பகுதிகள் அல்லவா? தாத்தானும் அபிராமும் ஆரோனைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆகவே 106ஐப் பாடியவனுக்குக் கோராகு கதையும் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதற்குமேல் நான் சொல்வது என் மனசு சொல்வது, நிரூபணம் அல்ல: ஆலயத்தில் இந்தச் சங்கீதம் பாடப்படும்போது, பாடகர் வரிசையில் கோராகின் பேரப்பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் நிற்கும்போது அந்தப் பெயரை உரக்கப் பாட யாருக்கும் மனசு வரவில்லை. என் முதுகில் குத்தியவர்களையும் குத்தாதவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். குத்தாதவர்களின் மௌனம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சரி, அந்தப் பிள்ளைகள் என்ன பாடினார்கள்? நான் எழுத்துக்கூட்டி வாசித்த 84ஐயே எடுத்துக்கொள்கிறேன். "அடைக்கலான் குருவிக்கு வீடும், தகைவிலான் குருவிக்குத் தன் குஞ்சுகளை வைக்கும் கூடும் கிடைத்ததே" என்று பலிபீடத்தின் பக்கத்தில் கூடு கட்டிய பறவைகளைப் பார்த்து ஏங்குகிற பாட்டு. கோராகு தூபகலசத்தோடு போன இடம் அது. பேரப்பிள்ளை அந்த இடத்தைத் தூரத்திலிருந்து பார்த்து, குருவிக்குக் கிடைத்திருக்கிறதே என்கிறான். அப்புறம் பத்தாம் வசனம்: "ஆகாமிய கூடாரங்களில் வாசமாயிருப்பதைப்பார்க்கிலும், என் தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பதையே தெரிந்துகொள்ளுவேன்."

இந்த வசனத்தை எத்தனை காலண்டரில் பார்த்திருப்போம்! ஆனால் கூடாரம் என்ற சொல் இங்கே எங்கிருந்து வந்தது? ஊரில் கல்வீடு கட்டி வாழ்ந்த ஜனத்தின் பாட்டில் துன்மார்க்கரின் வீடுகள் என்று வந்திருக்கலாம். எண்ணாகமம் 16:26ஐத் திறங்கள். பூமி பிளப்பதற்குக் கொஞ்சம் முன்னால் மோசே ஜனத்தைப் பார்த்துச் சொல்வது: இந்தத் துஷ்டமனிதரின் கூடாரங்களை விட்டு விலகிப்போங்கள். தமிழில் ஒரு இடத்தில் துஷ்டம், இன்னொரு இடத்தில் ஆகாமியம். அதனால் நம் காதில் விழுவதில்லை. எபிரெயத்தில் இரண்டும் ஒரே வேர்ச்சொல். "ஓஹலே ரெஷா" என்று சங்கீதத்தில் பாடும்போது, விலகிப்போங்கள் என்ற அந்தப் பழைய சத்தம் உள்ளே ஒலிக்கிறது. யாருடைய கூடாரம்? தன் பாட்டனுடைய கூடாரம். அதற்கு அவன் வைத்திருக்கிற பெயர் ஆகாமியம். பூசி மெழுகவில்லை.

வாசற்படியும் சும்மா வந்த சொல் அல்ல. 1 நாளாகமம் 9:19இல் கோராகின் வம்சத்தாருக்குக் கொடுக்கப்பட்ட வேலை கூடாரத்தின் வாசற்படிகளைக் காப்பது. வாசற்படிக்கு அங்கே வருகிற எபிரெயச் சொல் "சஃப்". சங்கீதத்தில் வாசற்படியில் காத்திருப்பது என்று நாம் படிப்பது அதே சொல்லிலிருந்து பிறந்த ஒரு வினை. வேதாகமம் முழுக்க இந்த ஒரே இடத்தில்தான் அது வருகிறது. ஆகவே இது காவல்காரனின் பாட்டு. தினமும் காலையில் கதவைத் திறந்து, மற்றவர்கள் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு, தான் படியிலேயே நிற்கிறவன் பாடுவது. பாட்டன் உள்ளே போகவேண்டும் என்றான். பேரன் படி போதும் என்கிறான். அந்த நாலு எபிரெயச் சொல்லுக்கு விளக்கவுரை வேண்டுமானால் எனக்கு இந்த வசனமே போதும்.

இன்னொரு கதவும் ஞாபகம் வருகிறது. 1 நாளாகமம் 6ஆம் அதிகாரத்து வம்சவரிசை சாமுவேலைக் கோராகின் வழியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. (1 சாமுவேல் முதல் அதிகாரம் அவன் தகப்பனை எப்பிராயீம் மலைத்தேசத்தான் என்கிறது. இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்பது பழைய வழக்கு.) சிறுபிள்ளையாக, அன்று ஆலயம் இருந்த சீலோவில் அவன் கேட்ட முதல் தேவவார்த்தை, அவனை வளர்த்த ஆசாரியன் ஏலியின் வீட்டுக்கு எதிரான நியாயத்தீர்ப்பு. கேட்டுவிட்டு என்ன செய்தான்? விடியும்வரை படுத்திருந்து, கர்த்தருடைய ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். அதைச் சொல்லப் பயந்துகொண்டே கதவைத் திறக்கிற அந்தப் பையனும் கோராகின் பிள்ளைதான்.

சீலோ என்றதும் 78ஆம் சங்கீதம். இது ஆலயப் பாடகன் ஆசாப்பின் பாட்டு, 72 வசனம். அந்த ஊரின் முடிவை இது நினைவுகூருகிறது: சீலோவிலுள்ள வாசஸ்தலத்தை விட்டு விலகினார், ஆசாரியர்கள் பட்டயத்தால் விழுந்தார்கள், அவர்களுடைய விதவைகள் அழவில்லை. ஒப்பாரி வைக்கக்கூட ஆளில்லாத சாவு என்றால் நமக்குச் சொல்லவேண்டியதில்லை. சாமுவேல் புத்தகம் உடன்படிக்கைப் பெட்டி எதிரிகளிடம் பிடிபட்டதையும் ஏலி மல்லாந்து விழுந்து செத்ததையும் சொல்கிறது, சீலோ ஊருக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் சொல்லவே இல்லை. சங்கீதமும் எரேமியாவும்தான் அதைச் சொல்கிறார்கள். தொல்லியல் அறிஞர் இஸ்ரேல் ஃபின்கெல்ஸ்டீன் 1981 முதல் 1984 வரை அங்கே தோண்டியபோது, எரிந்து இடிந்த கட்டடங்களும் நொறுங்கிய பெரிய சேமிப்புச் சாடிகளும் கிடைத்தன. கி.மு. 11ஆம் நூற்றாண்டின் நடுவில் நடந்த அழிவு என்பது அவர் கணிப்பு. சரித்திரப் புத்தகம் விட்டதைப் பாட்டு வைத்திருந்தது.

78இல் எனக்கு மிகவும் பயம் தருவது காடை வசனம். வனாந்தரத்தில் மன்னாவைத் தின்று அலுத்த ஜனங்கள் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் கொம்மட்டிக்காயையும் வெங்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் நினைத்து அழுகிறார்கள். இறைச்சி வேண்டும் என்கிறார்கள். காற்று காடைகளைக் கொண்டுவந்து பாளயத்தில் கொட்டுகிறது. "தங்கள் பற்கள் நடுவே இருக்கும் இறைச்சியை" மென்று தின்னுமுன்னே கோபம் மூண்டது என்கிறது எண்ணாகமம் 11. "அவர்களுடைய போஜனம் அவர்கள் வாயில் இருக்கையில்" என்கிறது சங்கீதம். பல்லுக்கு நடுவே இருந்தது, இன்னும் விழுங்கவில்லை. செத்தவர்களைப் புதைத்த இடத்துக்குப் பெயரே இச்சையின் கல்லறைகள், கிப்ரோத் அத்தாவா. 106இல் இதே காடை ஒரே வரிக்குள் வந்துவிடுகிறது: அவர்கள் கேட்டதைக் கொடுத்தார், ஆத்துமாக்களிலோ இளைப்பை அனுப்பினார். தாத்தா கேட்டதும் கடைசியில் கிடைத்தது. பிரிந்த சபைக்கு அவர்தான் செயலாளர். பதினேழு வருஷம். அந்த வருஷங்களில் அவர் சிரித்த ஒரு போட்டோகூட எங்கள் வீட்டில் இல்லை.

ஆனால் இவை இரண்டுக்கும் நடுவே இருக்கிற 105ஐப் பாருங்கள். "கேட்டார்கள், அவர் காடைகளை வரப்பண்ணினார், வான அப்பத்தினாலும் அவர்களைத் திருப்தியாக்கினார்." கோபம் இல்லை, கல்லறை இல்லை. யாத்திராகமம் 16இல் வருகிற முதல் காடைக் கதையில் தண்டனை கிடையாது, 105 அதை எடுத்துக்கொண்டது. 105 முழுக்க முழுக்க தேவன் செய்த நன்மைகளின் பாட்டு, 106 முழுக்க ஜனங்கள் செய்த துரோகத்தின் பாட்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்கள் ஒன்றை வைத்து மற்றொன்றைத் திருத்தவில்லை. எகிப்தின் வாதைகளும் அப்படித்தான். 78 ஒரு வரிசையில் சொல்கிறது, 105 யாத்திராகமத்தில் ஒன்பதாவதாக வரும் இருளை முதலில் தூக்கி வைக்கிறது. பத்து வாதையும் முழுசாக இரண்டிலுமே இல்லை. பாடுகிறவன் தனக்கு அன்றைக்கு எது தேவையோ அதை எடுத்துக்கொள்கிறான். இது ஏமாற்று அல்ல. அம்மா ஒரே சாவை ஒருநாள் ஒரு மாதிரியும் இன்னொருநாள் வேறு மாதிரியும் சொல்வாள், இரண்டும் நடந்ததுதான்.

எதிரியின் அழிவை நினைவுகூருகிற சங்கீதங்களும் இருக்கின்றன. 83ஆம் சங்கீதம் நியாயாதிபதிகள் புத்தகத்திலிருந்து சிசெராவையும் யாபீனையும் இழுத்துவந்து, "நிலத்துக்கு எருவாய்ப்போன" அவர்களைப்போல இவர்களையும் ஆக்கும் என்று கேட்கிறது. 55ஆம் சங்கீதத்தில் கூட இருந்து குழி பறித்த தோழனால் நொந்தவன், "அவர்கள் உயிரோடே பாதாளத்தில் இறங்குவார்களாக" என்கிறான். உயிரோடே பாதாளத்தில் இறங்குவது என்பது எண்ணாகமம் 16இன் சொல். கோராகின் முடிவைச் சாபமாக்கி அடுத்தவன்மேல் எறிகிறான். வலியில் இருப்பவன் அப்படித்தான் கேட்பான், நான் அவனைக் குறை சொல்லமாட்டேன். எங்கள் ஊர்ப் பிரசங்கத்திலும் அதே கல்தான் எறியப்பட்டது.

அதே பாதாளத்தைக் கோராகின் பிள்ளைகள் எப்படிப் பாடுகிறார்கள்? "தேவன் என் ஆத்துமாவைப் பாதாளத்தின் வல்லமைக்குத் தப்புவித்து மீட்பார்" என்கிறது 49. "நான் குழியில் இறங்குகிறவர்களோடு எண்ணப்பட்டு" என்கிறது 88, இருளிலேயே முடிந்துபோகிற அந்தப் பாட்டு. "பூமி நிலைமாறினாலும்" நாம் பயப்படோம் என்கிறது 46. இந்தக் கடைசி வரியை எத்தனையோ பேர் எத்தனையோ ஆபத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தலைப்பில் இருக்கும் பெயரோடு சேர்த்து வாசித்தால், காலடியில் நிலம் திறந்ததைக் குடும்பக் கதையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

106க்கு ஒருமுறை திரும்புகிறேன். அவ்வளவு பெரிய குற்றப்பட்டியலைத் தொடங்குமுன் ஆறாம் வசனத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது: "எங்கள் பிதாக்களோடுங்கூட நாங்களும் பாவஞ்செய்து." அந்த "நாங்களும்" இல்லாவிட்டால் 106 வெறும் வசவு. 78 வேறு பக்கமிருந்து வருகிறது. பின்வரும் சந்ததிக்கு இவற்றை மறைக்கமாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. நடுவில், 38ஆம் வசனத்தில், "அவரோ அவர்களை அழிக்காமல்" மன்னித்தார் என்கிறது. மாம்சம் என்றும், "திரும்பிவராமல் அகலுகிற காற்றென்றும்" அவர்களை நினைவுகூர்ந்தார். ஜனங்கள் மறக்கிறார்கள் மறக்கிறார்கள் என்று பாடிக்கொண்டே வந்து, தேவன் எதை நினைவில் வைத்திருக்கிறார் என்று காட்டுகிற இடம். தல்மூத் ஞானிகள் சங்கீத புத்தகத்தின் வசனங்களை எண்ணி, சரிபாதியில் நிற்பது இந்த 38ஆம் வசனம்தான் என்றார்கள்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். சபை உடைந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. தாத்தாவின் கூட்டம் ஓலைக்கொட்டகையில் ஆராதனை நடத்திய முதல் ஞாயிறில், அப்பா வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு பழைய கோயிலுக்குத் தனியாக நடந்துபோயிருக்கிறார். அங்கே அவரை யாரும் வா என்று சொல்லவில்லை. வீட்டில் தாத்தா இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை. இதையெல்லாம் அத்தை சொல்லித்தான் தெரியும். அந்த ராத்திரி அப்பாவின் விரல் ஏன் அவ்வளவு வேகமாக அந்த வசனத்தைக் கண்டுபிடித்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தாத்தா கடைசி நாலைந்து வருஷம் பழைய கோயிலுக்கே வந்துவிட்டார். கடைசிப் பெஞ்சில், கதவோரம் உட்காருவார். முன்னால் வாங்க என்று கூப்பிட்டாலும் போகமாட்டார். படுக்கையில் விழுந்தபிறகு, காலேஜ் லீவில் நான்தான் சாயங்காலம் அவருக்கு வாசிப்பேன். ஒருநாள் தைரியம் வந்து கேட்டேன்.

"தாத்தா, கோராகோட பிள்ளைங்க மட்டும் ஏன் சாகல?"

நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"விலகி நின்னுருப்பாங்க" என்றார். அப்புறம், "அப்பனை விட்டு விலகி நிக்கிறது லேசில்லம்மா."

வெளியே அப்பா மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற சத்தம் கேட்டது. தாத்தா என் கையிலிருந்த வேதாகமத்தைக் காட்டி, 85 வாசி என்றார். தலைப்பிலிருந்தே வாசித்தேன், கோராகின் புத்திரர் என்ற சொல்லையும் விடாமல். "சத்தியம் பூமியிலிருந்து முளைக்கும்" என்று வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அதை இன்னொருவாட்டி வாசி."

வாசித்தேன்.